தெளிந்த தண்ணீர் எல்லாம் தீர்த்தம் இல்லை

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



கொஞ்ச நாளாகப் புலனக் குழுக்களில் ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கு. உங்களுக்கும் வந்திருக்கும். அதன் சாராம்சம் இதுதான்: "குழாய்த் தண்ணீர்ல குளோரின் நாத்தம். சாமி அபிஷேகத்துக்கும் பந்தலுக்கும் அது ஆகாது. நம்ம மலை ஓடையிலயே தண்ணி இருக்கு. இயற்கைத் தண்ணி, புனிதத் தண்ணி. கொஞ்சம் கலங்கி இருந்தா படிகாரம் போட்டுத் தெளிய வச்சா போதும். நம்ம தாத்தா பாட்டி அப்படித்தானே குடிச்சாங்க?"

கேட்க நல்லாத்தான் இருக்கு. பக்தியும் இருக்கு, பழமையும் இருக்கு, கொஞ்சம் கோபமும் இருக்கு. அதனால்தான் வேகமாகப் பரவுது. ஆனால் இதை நாங்கள் ஏற்க மாட்டோம். பந்தலில் ஒரு குவளைகூட அப்படிப்பட்ட தண்ணீரைக் கொடுக்க மாட்டோம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டணும்னா திட்டுங்கள்.

முதலில் நம் மலையின் பெயரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்மலை. பினாங்குத் தமிழர்கள் வைத்த பெயர். இந்த மலைப்பக்கத்து அருவிதான் ஜார்ஜ்டவுனுக்கு முதல் குடிநீர் கொடுத்தது. 1800-களின் தொடக்கத்திலேயே இங்கிருந்து நகரத்துக்குச் செங்கல் வாய்க்கால் கட்டித் தண்ணீர் கொண்டுபோனார்கள். நம் கோயிலும் முதலில் இப்போதுள்ள மலைமேல் இல்லை. இன்று தாவரவியல் பூங்கா இருக்கும் பக்கம், அருவியை ஒட்டித்தான் முருகனுக்குச் சிறிய கோயில் இருந்தது. நகரத்தின் குடிநீருக்காக அருவியில் நீர்த்தேக்கம் வந்தபோது, கோயில் இந்த மலைக்கு இடம் மாறியது. அந்த அருவி இருக்கும் இடம் இன்றைக்கும் நீர் விநியோக வாரியத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

இதை யோசித்துப் பாருங்கள். ஊர் குடிக்கும் தண்ணீரில் கூட்டத்தின் கால் படக்கூடாது என்பதற்காக நம் முருகனே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறான். 500 படிக்கு மேல் நாம் ஏறிப்போய்க் கும்பிடுகிறோமே, அந்தப் படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு குடிநீர்க் கதை இருக்கிறது. அந்தக் கோயிலின் பேரைச் சொல்லியே "ஓடைத் தண்ணியை அப்படியே எடுத்துக் குடிக்கலாம்" என்றால் அது பக்தி ஆகுமா? நீங்களே சொல்லுங்கள்.

அருவி கொடுத்த தண்ணீர் ஊர் வளர வளரப் போதாமல் போனது. 1962-இல் ஆயர் ஈத்தாம் அணை, 1985-இல் பெருநிலத்தில் மெங்குவாங் அணை, 1999-இல் தெலுக் பஹாங் அணை என்று வரிசையாக வந்தன. ஆனால் இன்று பினாங்கு மாநிலம் குடிக்கும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு வருவது மூடா ஆற்றிலிருந்து. கெடாவின் காடுகளில் பிறந்து, சிக், பாலிங் பக்கத்து ஓடைகளையும் கெட்டில் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லைக் கோடாக ஓடிக் கடலில் விழுகிற ஆறு அது. அதிலிருந்து வாய்க்கால் வழியாகச் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, அங்கே சுத்தமாகி, கடலுக்கடியில் போட்ட குழாயைத் தாண்டித்தான் தீவுக்கு வருகிறது. நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது கெடாக் காட்டு மழை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த ஆறு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? மழை இல்லாத நாளில் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். மேலே பெரிய மழை பெய்தால் பால் போடாத மைலோ மாதிரி ஆகிவிடும். அந்தக் கலங்கலில் இருப்பது வெறும் மண் இல்லை. களிமண், வண்டல், அழுகின இலை, வயலிலும் தோட்டத்திலும் போட்ட உரம், மாடு ஆடு கழிவு, மனுசக் கழிவு எல்லாம் சேர்ந்து வருது. இதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் உங்கள் குழாயில் கண்ணாடி மாதிரி தண்ணீர் வருகிறது.

கலங்கலை என்.டி.யு. என்ற அளவில் அளக்கிறார்கள். ஒளிக்கற்றையைத் தண்ணீருக்குள் விட்டு அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பதுதான் முறை. மலேசியச் சுகாதார அமைச்சின் தரப்படி, குடிநீருக்கு எடுக்கும் ஆற்றுநீரின் கலங்கல் 1,000-க்கு மேல் போகக்கூடாது. குழாயில் வரும் குடிநீரில் அது 5-ஐத் தாண்டக்கூடாது. கிருமிநாசினி சேர்ப்பதற்கு முன் 1-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,000-த்திலிருந்து 1-க்கு! நம் புலனக் குழுப் பெரியவர்கள் இதைத்தான் ஒரு பீப்பாயும் ஒரு கட்டிப் படிகாரமும் வைத்துச் செய்யலாம் என்கிறார்கள்.

படிகாரத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. சுத்திகரிப்பு நிலையமும் அதே வகைச் சரக்கைத்தான் பயன்படுத்துகிறது. அது எப்படி வேலை செய்யுது தெரியுமா? களிமண் துகள் ஒவ்வொன்றும் எதிர்மின்னூட்டம் உள்ளது. அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும், நாள் கணக்கில் வைத்தாலும் முழுசாக அடியில் இறங்காது. படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் நேர்மின்னூட்டம் உள்ளது. அது போய்ச் சேர்ந்ததும் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், பஞ்சுப் பொதி மாதிரி திரளும், கனமாகி அடியில் இறங்கும். முதலில் வேகமாகக் கலக்கணும், அப்புறம் மெதுவாகக் கலக்கணும். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் திரண்டதெல்லாம் உடைஞ்சு போயிடும்.

எவ்வளவு போடுவது என்பதும் தினமும் ஒரே அளவு இல்லை. நிலையத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு மருந்து போட்டு, எதில் நன்றாகத் தெளிகிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள். ஆறு மாறினால் அளவும் மாறும். குறைவாகப் போட்டால் கலங்கல் போகாது. அதிகமாகப் போட்டால் தண்ணீர் புளிப்பேறும், அலுமினியம் தண்ணீரிலேயே தங்கும். கையில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு "மூணு சுத்து சுத்தினா போதும்" என்று சொல்வது அளவு இல்லை, குத்துமதிப்பு.

இன்னொரு பெரிய விஷயம். படிகாரம் தெளிய வைக்கும், கிருமியை முழுசா எடுக்காது. அதனால்தான் நிலையத்தில் தெளிந்த தண்ணீரை மணல் வடிகட்டியில் விடுகிறார்கள். அதற்கும் பிறகு குளோரின். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் காரியம் கெடும். தெளிய வைக்காமல் குளோரின் மட்டும் போட்டால், அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். மண் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிக்கு அது போய்ச் சேராது. தெளிய வைத்துவிட்டுக் குளோரின் போடாவிட்டால், பார்க்க நன்றாக இருக்கும், குடித்தால் வயிற்றால் போகும். சுத்திகரிப்பு என்பது நம்ம பூஜை மாதிரிதான். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகச் செய்யணும். பாதியை விட்டுவிட்டுப் பிரசாதம் கொடுக்க முடியாது.

"தாத்தா பாட்டி குடிச்சாங்களே" என்கிறவர்களுக்கு வருவோம்.

ஆமாம், குடித்தார்கள். தோட்டத்து லயத்தில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து படிகாரத்தைச் சுழற்றினார்கள். அதற்கும் முன்னால் ஊரில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துத் தெளிய வைத்தார்கள். முருங்கை விதையையும் பயன்படுத்தினார்கள். அது பெரிய அறிவு, அதில் சந்தேகம் இல்லை. இன்றைய பொறியியல் செய்யும் முதல் வேலையை அவர்கள் அன்றைக்கே ஒரு கொட்டையை வைத்துச் செய்தார்கள். அதை நாம் பெருமையாகச் சொல்லலாம்.

ஆனால் "ஒண்ணும் ஆகல" என்பது பொய். அந்தக் காலத் தோட்டங்களில் நம்மவர்கள் எதில் செத்தார்கள்? மலேரியா ஒரு பக்கம், வயிற்றுக்கடுப்பும் பேதியும் இன்னொரு பக்கம். வாந்திபேதி வந்தால் ஒரு லயமே காலியாகும். ஒவ்வொரு குடும்பத்திலும் கேட்டுப் பாருங்கள். பாட்டிக்கு எட்டு பிள்ளை, ஐந்துதான் தங்கியது என்பார்கள். அந்த மூன்று பிள்ளைகள் எந்தப் புலனக் குழுவிலும் வந்து பேச முடியாது. பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் பேசுகிறோம், "ஒண்ணும் ஆகல" என்று. முன்னோரை மதிப்பது என்றால் அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்து நினைக்கணும்.

அடுத்த வாதம்: "ஆறுதான் அழுக்கு, மலை ஓடை சுத்தம். கண்ணாலேயே பார்க்கலாம்."

கண்ணால் பார்த்தால் தெரிவது மண் மட்டும்தான். கிருமி தெரியாது. ஓடைக்கு மேலே காடு இருக்கு. காட்டில் குரங்கு, எலி, காட்டுப்பன்றி எல்லாம் இருக்கு. அவையும் அதே தண்ணீரில்தான் எல்லாம் செய்கின்றன. எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் மலேசியாவுக்குப் புதிது இல்லை. 2010-இல் பகாங், லுபுக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடி இறங்கிய மீட்புப் பணியாளர்களையே எலிக்காய்ச்சலும் மண்ணில் வாழும் இன்னொரு கிருமியும் தாக்கின. சிலர் உயிரிழந்தார்கள். அழகான இடம்தான், விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிற இடம்தான்.

"சரி, கிணறு? போர் போட்டா?" என்று கேட்பவர்களும் உண்டு. கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். அவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்தது. பக்கத்துப் பண்ணையின் மாட்டுக் கழிவு கிணற்றில் இறங்கியது. போட வேண்டிய குளோரினைச் சரியாகப் போடவில்லை, பதிவேட்டில் மட்டும் போட்ட மாதிரி எழுதினார்கள். 7 பேர் இறந்தார்கள். 2,000-த்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். தண்ணீர் கலங்கவும் இல்லை, நாறவும் இல்லை. பணக்கார நாடு, ஆய்வுக்கூடம் உள்ள நாடு, அங்கேயே இந்த நிலைமை. நம் பந்தலில் என்ன ஆய்வுக்கூடம் இருக்கு?

இப்போது பாசி. இதைப் பற்றி நம்மவர்கள் ரொம்ப அலட்சியமாக இருக்கிறார்கள். "பச்சையா இருந்தா என்ன, செடிதானே" என்கிறார்கள்.

அணையில் தண்ணீர் குறைந்து, வெயில் ஏறி, அலை இல்லாமல் தேங்கி, மேலிருந்து உரச்சத்தும் சேர்ந்தால் பாசி பெருகும். கோயில் குளத்தில் பச்சை படர்வதும் இதே காரணத்தால்தான். பாசி வந்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாலு விதத்தில் தலைவலி. ஒன்று, பாசி கனமில்லாதது. மண் மாதிரி அடியில் இறங்காமல் மிதக்கும். இரண்டு, பகலில் பாசி தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அப்போது படிகாரம் சரியாக வேலை செய்யாது. மூன்று, மணல் வடிகட்டியை அடைத்துவிடும். நாலு, மண்வாசனை மாதிரி ஒரு நாத்தம் வரும். வடிகட்டினாலும் எளிதில் போகாது. அதை எடுக்கக் கரித்தூள் போட வேண்டும்.

இதெல்லாம் செலவும் சிரமமும்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கு. நீலப்பச்சைப் பாசி என்று ஒரு வகை. அதில் சில இனங்கள் கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு பாசியின் உடம்புக்குள் இருக்கும்வரை பாசியை முழுசாக வடித்து எடுத்துவிடலாம். அவசரப்பட்டு முதலிலேயே மருந்தைக் கொட்டிப் பாசியைக் கொன்றால், உடம்பு வெடித்து நச்சு தண்ணீரில் கலந்துவிடும். அதனால் தெரிந்தவர்கள் முதலில் பாசியை உடைக்காமல் எடுக்கப் பார்ப்பார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

"கொதிக்க வச்சா எல்லாம் செத்துடும்" என்று சொல்கிறோம். கிருமி சாகும், உண்மை. ஆனால் இந்த நச்சு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் நச்சின் அடர்த்தி கூடத்தான் செய்யும். அமெரிக்காவில் தொலிடோ என்ற நகரம் ஈரி ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கிறது. 2014 ஆகஸ்டு தொடக்கத்தில் ஏரியில் பாசி பெருகி, சுத்திகரித்த தண்ணீரிலேயே நச்சு தென்பட்டது. 4 லட்சத்துக்கும் அதிகமான மக்களிடம் "குடிக்காதீங்க, கொதிக்க வச்சும் குடிக்காதீங்க" என்று சொல்ல வேண்டி வந்தது. ஏறக்குறைய மூன்று நாள். கடைகளில் தண்ணீர்ப் புட்டிகள் காலி. அத்தனை இயந்திரம் வைத்திருந்த நகரமே தடுமாறியது. நாம் ஒரு பச்சைக் குட்டையிலிருந்து வாளியில் மொண்டு, கொதிக்க வைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு மோர் கரைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பது தர்மம் இல்லை.

இப்போது குளோரின் நாத்தத்துக்கு வருவோம். அபிஷேகத்துக்கு ஆகாது என்கிறார்களே.

நம் குழாய்த் தண்ணீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்பது தரம். சுங்கை டுவாவிலிருந்து உங்கள் வீடு வரை எத்தனை மைல் குழாய்! வழியில் எங்காவது ஒரு விரிசல், உள்ளே அழுக்கு புகுந்தால், அதைச் சமாளிக்கத்தான் அந்த மிச்சக் குளோரின். அந்த வாசனை வருவதால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, காவல்காரன் இன்னும் விழித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

சாமிக்கு வாசனை இல்லாமல் வேண்டும் என்றால் வழி இருக்கு. முதல் நாள் இரவு பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி வையுங்கள். காலைக்குள் வாசனை பெரும்பாலும் போய்விடும். அப்புறம் மஞ்சளோ பன்னீரோ சேர்த்து அபிஷேகம் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அபிஷேகத் தண்ணீர் சாமியின் மேல் விழுவதோடு முடிவதில்லை. அது தீர்த்தமாக நம் உள்ளங்கைக்கு வருகிறது. வயசான அம்மா குடிக்கிறார்கள், கைக்குழந்தையின் வாயில் ஒரு சொட்டு விடுகிறோம், சிறுநீரக நோயாளி கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கிறார். கோயிலுக்கு வருகிறவர்களிலேயே பலவீனமானவர்கள்தான் நம்பிக்கையோடு முதலில் கை நீட்டுகிறார்கள். அவர்கள் கையில் சோதிக்காத தண்ணீரை ஊற்றிவிட்டு "முருகன் பார்த்துப்பான்" என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா? தீர்த்தம் என்று பேர் வைத்தால் கிருமி ஓடிவிடாது. பேருக்குத் தகுந்த தண்ணீரைக் கொடுப்பது நம் கடமை.

இன்னொரு தரப்பு இருக்கு. அவர்கள் ஓடைத் தண்ணீர் கேட்பதில்லை, குழாயில் வேகம் குறைந்தால் உடனே முகநூலில் ஏறிவிடுவார்கள். "பிபிஏ தூங்குது" என்று. 2024 ஜனவரி 10-ஆம் தேதி முதல், தைப்பூசத்துக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, சுங்கை டுவாவில் வால்வு மாற்றும் வேலைக்காக நாலு நாள் தடை வந்ததே, அப்போது வந்த வசவுகளை நாம் மறக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் பட்ட கஷ்டம் உண்மைதான். கேள்வி கேட்பதும் பயனீட்டாளரின் உரிமைதான்.

ஆனால் ஆறு கலங்கி வேகம் குறையும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆற்றில் கலங்கல் ஏறினால் நிலையம் மெதுவாகத்தான் ஓடணும். மருந்து அதிகம் வேணும், மண் இறங்க நேரம் அதிகம் வேணும், வடிகட்டியை அடிக்கடி கழுவணும். அந்த நேரத்தில் பழைய வேகத்திலேயே தள்ளினால் மண்ணும் கிருமியும் நம் வீட்டுக்கு வரும். வேகத்தைக் குறைப்பது நம்மைக் காப்பாற்றும் வேலை. அதற்காகத்தான் மெங்குவாங் அணையை முன்னைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக்கினார்கள். ஆறு கெட்டுப் போகும் நாளில் அணைத் தண்ணீரைக் கலந்துகொள்ளலாம். ஆனால் அணையும் வங்கிக் கணக்கு மாதிரிதான், எடுத்துக்கொண்டே இருந்தால் தீர்ந்து போகும்.

ஆகவே கேள்வியை ஆற்றின் மேல்பக்கம் திருப்புங்கள். ஆறு ஏன் இவ்வளவு கலங்குது? உலு மூடா காடு 1,60,000 ஹெக்டர் அளவுள்ள பெருங்காடு. கெடா, பினாங்கு, பெர்லிஸ் மூன்று மாநிலத்துக்கும் தண்ணீர் அங்கிருந்துதான். காட்டில் விழும் மழையை இலை தாங்கும், வேர் பிடிக்கும், மண் உறிஞ்சி மெதுவாக விடும். மரத்தை வெட்டி லோரி போகச் செம்மண் பாதை போட்டால், அதே மழை மண்ணை வாரிக்கொண்டு வரும். 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங், கூப்பாங் பகுதியில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று உயிர் போனது. மரமும் சேறும் வீடுகளுக்குள் வந்தன. பாலிங் பக்கத்து ஆறுகள் கெட்டில் வழியாக மூடாவில்தான் கலக்கின்றன.

அரசியல்வாதிகள் என்ன செய்கிறார்கள்? ஆற்றுத் தண்ணீருக்கு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி கொடு என்று கெடா கேட்டது. ஆறு தானாக ஓடி வருது, கொடுக்க மாட்டோம் என்று பினாங்கு சொன்னது. வருஷக்கணக்காக இந்த வாய்ச்சண்டைதான். ஒரு பக்கம் காட்டை வெட்டினால்தான் வருமானம் என்கிறது. இன்னொரு பக்கம் காடு காக்கும் மாநிலத்துக்கு ஈடு யார் கொடுப்பது என்பதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறது. நடுவில் மத்திய அரசு. தண்ணீர் குடிப்பவன் இந்து, முஸ்லிம், சீனன் எல்லாரும்தான். மரம் விழும்போது எல்லார் குழாயிலும்தான் மண் வரும். நம் ஓட்டு கேட்டு வருகிறவர்கள், தைப்பூச மேடையில் மாலை வாங்கிக்கொள்கிறவர்கள், அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உலு மூடாவில் மரம் வெட்டுவது நிற்க நீங்கள் என்ன செய்தீர்கள்?" மாலை போடும் உரிமை நமக்கு இருந்தால் கேள்வி கேட்கும் உரிமையும் இருக்கு.

அவர்களை மட்டும் கேட்டால் நியாயமில்லை. ஆற்றங்கரையில் கரகம் பாலிக்கிறார்கள், ஆடிப் பெருக்கு செய்கிறார்கள், அஸ்தி கரைக்கிறார்கள். செய்யட்டும், அது நம் வழக்கம். ஆனால் பூவோடு சேர்ந்து பிளாஸ்டிக் பை ஏன் ஆற்றில் போகுது? நைலான் துணி, தெர்மோகோல், எண்ணெய்ப் புட்டி, பழைய சாமி படம், கண்ணாடிச் சட்டம் எல்லாம் ஏன் போகுது? ஆற்றை அம்மா என்று கும்பிட்டுவிட்டு அம்மா மடியில் குப்பையைக் கொட்டுவது எந்த ஆகமத்தில் இருக்கு? வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து உடனே வான்சிறப்பைத்தான் வைத்தார். சாமிக்கு அடுத்த இடம் மழைக்கும் தண்ணீருக்கும். நம்மில் சிலர் குப்பைத் தொட்டிக்கு அடுத்த இடத்தை ஆற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

முருகனையே பாருங்கள். சரவணப் பொய்கையில், நாணல் நடுவே, தாமரையில் தவழ்ந்த பிள்ளை அவன். கங்கை தாங்கியதால் காங்கேயன். தண்ணீரைத் தொட்டில் ஆக்கிக்கொண்ட சாமி இவன். இவனுக்குச் செய்யும் பெரிய அபிஷேகம் ஒரு ஆற்றை ஆறாக வைத்திருப்பதுதான்.

பந்தல் நடத்தும் எல்லாக் குழுவினரும் இந்தத் தைப்பூசத்துக்கு இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

1. பந்தல் தண்ணீர், மோர், பானகம், சர்பத் எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர் அல்லது முத்திரையிட்ட குடிநீர் மட்டுமே. ஓடை, கிணறு, போர் தண்ணீர் வேண்டாம். பாத்திரம் கழுவக்கூட வேண்டாம்.

2. ஐஸ்கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். மீன் வைக்கும் ஐஸைப் பானத்தில் போடாதீர்கள். ஐஸில் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

3. பீப்பாய்களை முதல் நாளே தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். உள்ளே வழவழப்பாகப் பச்சை படிந்திருந்தால் அதைச் சுரண்டாமல் தண்ணீர் பிடிக்கக் கூடாது. வெளிச்சம் புகும் வெள்ளைப் பீப்பாயை வெயிலில் வைத்தால் பாசி வரும். கருநீலப் பீப்பாயை நிழலில் மூடி வையுங்கள்.

4. பீப்பாய்க்குள் கையையோ குவளையையோ விட்டு மொள்ளக் கூடாது. அடியில் குழாய் வைத்த பீப்பாய், அல்லது நீளக் கைப்பிடி அகப்பை.

5. வடிகட்டி மாட்டியிருக்கும் கோயில்கள் கவனியுங்கள். கரி வடிகட்டி குளோரினையும் எடுத்துவிடும். அதன் பிறகு தேங்கும் தண்ணீரில் கிருமி சீக்கிரம் வளரும். வடித்த தண்ணீரை அன்றன்றே தீருங்கள். மாற்ற வேண்டிய நாளில் வடிகட்டியை மாற்றுங்கள்.

6. கோயில் மாடித் தொட்டிகளுக்கு மூடி போட்டு, முறைப்படி கழுவுங்கள். சுத்திகரிப்பு நிலையம் நூறு பாடுபட்டுக் கொடுத்த தண்ணீர், நம் கூரைமேல் செத்த பல்லியோடு கெட்டுப்போக வேண்டாம்.

7. தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால் முன்னதாகவே மூடிய பாத்திரத்தில் சேமியுங்கள். தடை முடிந்து முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால், தெளியும்வரை திறந்து விட்டு அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஆற்றில் விடும் பூஜைப் பொருளில் பூவும் இலையும் தவிர வேறெதுவும் வேண்டாம். மற்றதைக் கோயிலிலேயே பிரித்துக் கொடுங்கள்.

இதில் எதுவும் பெரிய செலவு இல்லை. கொஞ்சம் கவனம், கொஞ்சம் ஒழுங்கு. காவடி எடுக்கிறவர் 48 நாள் விரதம் இருக்கிறார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர் ஒரு பீப்பாயைக் கழுவ அரை மணி நேரம் கொடுக்கக் கூடாதா?

கடைசியாக அந்தப் புலனத் தகவலை எழுதியவருக்கு, யாராக இருந்தாலும், ஒரு வார்த்தை. உங்கள் பக்தியைச் சந்தேகப்படவில்லை. ஆனால் தண்ணீரைப் புனிதம் என்று சொல்வது சுலபம், புனிதமாக வைத்திருப்பதுதான் வேலை. அந்த வேலையில் பாதியைச் சுங்கை டுவாவில் இரவு முழுக்க விழித்திருந்து குவளைக் குவளையாகச் சோதிக்கிற யாரோ செய்கிறார்கள். அவர்கள் எந்த மதமோ நமக்குத் தெரியாது. அவர்களும் தொண்டர்கள்தான். மீதிப் பாதி காட்டில் இருக்கு, ஆற்றங்கரையில் இருக்கு, நம் கோயில் பீப்பாயில் இருக்கு. அதை நாம் செய்வோம்.

பந்தலுக்கு வாருங்கள். மூடி வைத்த பீப்பாயிலிருந்து ஒரு குவளை குடியுங்கள். லேசாகக் குளோரின் வாசனை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பயமில்லாமல் பிள்ளைக்கும் கொடுங்கள்.

இதைப் பகிருங்கள். முக்கியமாக, அந்தத் தகவல் வந்த அதே குழுக்களில் பகிருங்கள்.

வேலும் மயிலும் துணை.

தண்ணீர்ப் பந்தல் தொண்டர்கள்